நீலத் தொட்டி: சில குறிப்புகள்

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் பக்கம் வீடு பார்க்கப் போகும் தமிழர்கள் பேஸ்மென்டுக்குள் இறங்கியதும் கேட்பது ஒன்றுதான்: "இந்த டேங்க் எத்தனை லிட்டர் பிடிக்கும்?" மார்பளவு உயரத்தில் ஒரு நீல நிற இரும்புத் தொட்டி. அதன் அடியில் பித்தளைக் குழாய், குழாயில் ஒரு பிரஷர் கேஜ், கைக்கு அடக்கமான சாம்பல் நிறப் பெட்டி ஒன்று. மொட்டைமாடித் தொட்டியைப் பார்த்தே வளர்ந்த கண்ணுக்கு இதுவும் தண்ணீர்த் தொட்டியாகத்தான் தெரியும். உள்ளே இருப்பதில் பெரும்பங்கு காற்று. நிரம்பிவிட்டது என்று மோட்டார் நின்றுபோன நிலையிலும் பத்தில் ஏழு பங்கு காற்றுதான். தண்ணீரைச் சேமிக்க இதை யாரும் வைப்பதில்லை, தள்ளுவிசையைச் சேமிக்க வைக்கிறார்கள். இதைப் புரிந்துகொள்ளாமல் நல்ல மோட்டார்களை எரியவிடுகிற வீடுகளைப் பார்த்து மனசு கேட்காமல்தான் இதையெல்லாம் எழுதி வைக்கிறேன்.

*

அமெரிக்காவில் சொந்தக் கிணற்றை நம்பி வாழ்பவர்கள் சுமார் 4 கோடியே 30 லட்சம் பேர் என்பது அந்நாட்டுப் புவியியல் ஆய்வுத் துறையின் கணக்கு. மக்கள்தொகையில் நூற்றுக்குப் பதினைந்து. நியூ ஹாம்ப்ஷயரில் கிட்டத்தட்டப் பாதிப் பேர். 1974இல் வந்த குடிநீர்ப் பாதுகாப்புச் சட்டம் நகராட்சிக் குழாய்க்குத்தான். தனியார் கிணற்றுக்குப் பொருந்தாது. தண்ணீரைப் பரிசோதிப்பதும் வீட்டுக்காரர் பொறுப்பு, தொட்டியைக் கவனிப்பதும் அவர் பொறுப்பு.

கிணறு என்றால் நம் ஊர் போர்வெல்தான். ஆறு அங்குல விட்டம், கருங்கல்லைக் குடைந்து 300, 400 அடி ஆழம். அடியில் சப்மெர்சிபிள் மோட்டார்.

*

மேல்நிலைத் தொட்டி ஏன் வைப்பதில்லை?

முதல் காரணம் குளிர். இங்கே மண் நாலடி ஆழம் வரை உறைந்துபோகும். அதனால் கிணற்றிலிருந்து வரும் குழாயைத் தரைக்கு மேலே கொண்டுவருவதே இல்லை. உறைபனி எட்டாத ஆழத்தில், கேசிங் பைப்பின் பக்கவாட்டில் துளையிட்டு, 'பிட்லெஸ் அடாப்டர்' என்ற பித்தளைப் பூட்டு வழியாக நேரே பேஸ்மென்டுக்குள் இழுத்துவிடுகிறார்கள். வெளியே பார்த்தால் புல்வெளியில் மூடிபோட்ட ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். கூரைமேல் தொட்டி வைத்தால் ஜனவரியில் பனிக்கட்டிதான் மிஞ்சும்.

இரண்டாவது, உயரக் கணக்கு. பத்து மீட்டர் உயரத் தண்ணீர் தரும் அழுத்தம் சுமார் 14 பி.எஸ்.ஐ. குளியலறைக் குழாய்க்கு மூன்று மீட்டர் மேலே தொட்டி இருக்கிற நம் வீடுகளில் கிடைப்பது நாலு சொச்சம். வாளியில் பிடித்து மொண்டு குளிப்பதற்கு அது தாராளம். அமெரிக்க வீட்டு ஷவரும் துணி துவைக்கும் இயந்திரமும் ஃபில்டரும் அதற்கு அசைந்துகொடுக்காது; 40 பி.எஸ்.ஐ.யாவது வேண்டும். அதை உயரத்திலிருந்து பெறுவதென்றால் தொட்டியை 28 மீட்டருக்குத் தூக்க வேண்டும்.

*

தண்ணீர் அமுங்காது. கன அளவில் நூற்றில் ஒரு பங்கு குறைய வேண்டுமென்றால் வளிமண்டல அழுத்தத்தைப் போல 200 மடங்குக்கு மேல் கொடுத்து நசுக்க வேண்டும். தொட்டியே இல்லாமல் மோட்டார், குழாய், பிரஷர் சுவிட்ச் மூன்றை மட்டும் இணைத்தால் என்ன ஆகும்? குழாயைத் திறந்த கணமே அழுத்தம் அதலபாதாளத்துக்கு இறங்கும், மோட்டார் ஓடும். ஓடத் தொடங்கிய கணமே அழுத்தம் எகிறும், மோட்டார் நிற்கும். ஒரு டம்ளர் தண்ணீர் பிடிப்பதற்குள் பலமுறை இது நடந்துவிடும். இடையில் விட்டுக்கொடுக்க ஏதாவது ஒன்று வேண்டும். அதுதான் காற்று.

காற்றை எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு சுருங்கும் என்று ராபர்ட் பாயில் 1662இல் எழுதினார். ஒருமுனை மூடிய, வளைந்த கண்ணாடிக் குழாயில் பாதரசம் ஊற்றி ஊற்றி அளந்த கணக்கு. அழுத்தம் இரட்டித்தால் கன அளவு பாதி. காற்றின் இந்தக் குணத்துக்கு அவர் சொன்ன உவமை ஆட்டுக் கம்பளி மயிர்க் குவியல்: கையால் அமுக்கினால் அமுங்கும், விட்டால் எழும்பும். பேஸ்மென்டுத் தொட்டிக்கு இன்றும் வேறு விளக்கம் தேவையில்லை.

தொட்டிக்குள் ரப்பர் பை ஒன்று இருக்கிறது. பிளாடர் என்பார்கள். சில வகைகளில் பைக்குப் பதில் குறுக்கே ஒரு ரப்பர்த் திரை. பைக்குள் தண்ணீர், பைக்கும் இரும்புக்கும் இடையில் காற்று. மோட்டார் ஓடும்போது பை உப்பிக் காற்றை நெருக்கும். மோட்டார் நின்றபின் நெருக்குண்ட காற்று பையை அமுக்கித் தண்ணீரை மேல்மாடி வரை ஏற்றும். மோட்டார் ஓடாத நேரத்தில் பல் விளக்குவதும் பாத்திரம் கழுவுவதும் இந்தக் காற்றின் தயவில்தான்.

*

கணக்கு. 44 கேலன் தொட்டி, அதாவது 166 லிட்டர். சுவிட்ச் 40/60: அழுத்தம் 40 பி.எஸ்.ஐ.க்கு இறங்கினால் மோட்டார் ஓடும், 60க்கு ஏறினால் நிற்கும். காலித் தொட்டியில் முன்கூட்டியே அடைத்து வைக்கும் காற்று 38. ஓடத் தொடங்கும் அழுத்தத்தைவிட 2 குறைவாக இருக்க வேண்டும் என்பது விதி.

கேஜ் காட்டும் எண்ணோடு வளிமண்டல அழுத்தம் 14.7ஐக் கூட்டிக்கொள்ள வேண்டும். ஆக 52.7, 54.7, 74.7. மோட்டார் தொடங்கும் நேரத்தில் காற்றின் அளவு 160 லிட்டர். நிற்கும் நேரத்தில் 117 லிட்டர். வித்தியாசம் 43. இந்த 43 லிட்டர்தான் மோட்டாரை எழுப்பாமல் வீட்டுக்குக் கிடைக்கும் தண்ணீர். 166 லிட்டர் தொட்டியில் கால் பங்கு! (14.7ஐக் கூட்ட மறந்தால் 53 லிட்டர் என்று வரும். பல பேர் காகிதத்தில் போடும் கணக்கு இப்படித்தான் பத்து லிட்டர் வீங்கிப்போகிறது.)

அதே தொட்டி, 30/50 சுவிட்ச், காற்று 28: கிடைப்பது 49 லிட்டர். அழுத்தத்தைக் குறைத்தால் இருப்பு கூடும். ஷவர் சீறிக்கொண்டு வர வேண்டும் என்று சுவிட்சின் திருகை முறுக்கி 50/70 வைக்கிறவர்கள் காற்றைத் தொடுவதே இல்லை. இருப்பு சரிந்துகொண்டே போவது அவர்களுக்குத் தெரிவதில்லை.

காற்று குறைந்து 20க்கு வந்துவிட்ட 40/60 தொட்டி: 43 லிட்டர் 28 ஆகிவிடும். ரப்பரும் அளவுக்கு மீறி விரிந்து தேயும். காற்று கூடி 45 ஆனால் வேறு தொல்லை: அழுத்தம் 45க்கு வரும்போதே பை காலியாகிவிடும், சுவிட்சோ 40க்காகக் காத்திருக்கும். ஷவர் ஒரு கணம் செத்துப் பிழைக்கும்.

*

இவ்வளவு பாடும் மோட்டாருக்காக. குளிக்கிறவருக்காக என்று நினைத்துவிடக் கூடாது.

மோட்டார் கிளம்பும் கணத்தில் இழுக்கும் மின்னோட்டம், ஓடும்போது இழுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு. அதனால் எழும் சூடு ஆறுவதற்கு மோட்டார் கொஞ்ச நேரமாவது ஓட வேண்டும்; தன்னைச் சுற்றி ஓடும் தண்ணீர்தான் அதைக் குளிர்விக்கிறது. ஒருமுறை கிளம்பினால் ஒரு நிமிடமாவது ஓடட்டும் என்பது கிணற்றுக்காரர்களின் பொதுவிதி. நிமிடத்துக்கு 38 லிட்டர் தரும் மோட்டாருக்கு 43 லிட்டர் இருப்புள்ள தொட்டி என்று பொருத்தம் பார்ப்பது இதனால்தான். மோட்டாரைப் பார்த்துத்தான் தொட்டி. வீட்டில் எத்தனை பேர் என்பது அப்புறம்.

சூட்டைவிட எனக்கு வியப்பு தருவது அடியில் இருக்கும் தாங்கி. 400 அடி ஆழத்தில், மேலே இருக்கும் நீர்த்தூணின் அழுத்தம் முழுவதும் மோட்டார் அச்சின்மீது கீழ்நோக்கி இறங்கும். அதைத் தாங்குவது சிறு சிறு சாய்வுத் தகடுகள். அச்சு வேகமெடுத்ததும் தகடுகளுக்கும் சுழலும் வட்டுக்கும் இடையில் மெல்லிய நீர்ப்படலம் ஆப்பு மாதிரி நுழைந்துகொள்ளும். அதன்பின் உலோகம் எதன்மீதும் உரசுவதில்லை. ஆல்பர்ட் கிங்ஸ்பரி என்ற அமெரிக்கப் பொறியாளர் 1910இல் காப்புரிமை பெற்ற வடிவம் இது. பென்சில்வேனியாவில் சஸ்குவஹானா ஆற்றின் ஹோல்ட்வுட் நீர்மின் நிலையத்தில் 1912இல் பிரம்மாண்டமான சுழலியைத் தாங்கப் பொருத்தினார்கள். அதே கருத்து உள்ளங்கை அளவுக்குச் சுருங்கி நம் கிணற்றுக்குள் இறங்கியிருக்கிறது. நீர்ப்படலம் உருவாக வேகம் வேண்டும். கிளம்பும்போதும் நிற்கும்போதும் வேகம் இல்லை; அந்த நொடிகளில்தான் தேய்மானம். ஆக மோட்டாரின் ஆயுளை எத்தனை மணி நேரம் ஓடியது என்பதைவிட எத்தனை தடவை கிளம்பியது என்று எண்ணுவது சரி.

நல்ல தொட்டி உள்ள வீட்டில் நாளுக்கு 1,100 லிட்டர் செலவானால் மோட்டார் 25 தடவைக்குப் பக்கம் கிளம்பும். காற்றிழந்து 2 லிட்டர் இருப்புக்கு வந்துவிட்ட தொட்டியில், ஒருவர் ஷவரில் நின்றால் மோட்டார் நாலு நொடி ஓடும், பதினைந்து நொடி நிற்கும், மறுபடி நாலு நொடி. நாளுக்கு 400ஐத் தாண்டும்.

*

தம்பி ஒருவன் மெரிமாக் பக்கத்திலிருந்து போன் செய்தான். "அண்ணா, ஷவர்ல தண்ணி விட்டு விட்டு வருது. கீழ 'டிக் டிக்'குன்னு சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கு. பிளம்பர் வந்து பார்த்துட்டு மோட்டாரையே மாத்தணும்ங்கிறார்."

"டேங்க்கை விரலால தட்டிப் பார்த்தியாப்பா?"

"தட்டினா?"

"மேல தட்டினா 'டங்'குன்னு வெறுமையா கேட்கணும். கீழ வரவர மந்தமாகணும். மேலயிருந்து கீழ வரைக்கும் ஒரே மந்தமா இருந்தா உள்ள முழுக்கத் தண்ணி."

மேலே டயர்க் காற்று அடைப்பது போன்ற வால்வு ஒன்று இருக்கிறது, அதை நகத்தால் அமுக்கு என்றேன். தண்ணீர் பீய்ச்சியது. பிளாடர் கிழிந்துவிட்டது. தொட்டி மாற்றச் சில நூறு டாலர். 400 அடியிலிருந்து மோட்டாரை உருவி மாற்ற ஆயிரக்கணக்கில். தொட்டியைத் தட்டிப் பார்க்காமல் மோட்டாரை மாற்றியிருந்தால், புது மோட்டாரும் அதே கிழிந்த தொட்டியிடம் மாட்டியிருக்கும்.

*

ஆகஸ்டில் பார்க்க வேண்டிய ஒன்று. வெளியே புழுக்கம். பாறைக்குள்ளிருந்து வரும் தண்ணீர் பத்து டிகிரிக்குப் பக்கம். தொட்டியின் கீழ்ப்பகுதி முத்து முத்தாக வியர்த்திருக்கும், மேல்பகுதி உலர்ந்திருக்கும். நடுவில் தெளிவான ஒரு கோடு. மோட்டார் நிறைத்தபின் கோடு எங்கே, தண்ணீரை ஓடவிட்டபின் எங்கே என்று சாக்பீஸால் குறித்து வைத்தால், தொட்டி எவ்வளவு வேலை செய்கிறது என்பது கருவி இல்லாமலே தெரிந்துவிடும். உச்சி வரை வியர்த்த தொட்டி என்றால் கவலைப்பட வேண்டும்.

*

காற்றை அளக்கும் முறை. பலரும் இங்கேதான் சறுக்குகிறார்கள்: தண்ணீர் இருக்கும்போதே டயர் கேஜை வைத்துப் பார்த்து "52 இருக்கு, நல்லாத்தான் இருக்கு" என்பார்கள். அப்போது கேஜ் காட்டுவது தண்ணீரின் அழுத்தம். பை நடுவில் இருந்தாலும் இரண்டு பக்கமும் ஒரே அழுத்தம்தானே.

முதலில் மோட்டாரின் பிரேக்கரை அணைக்க வேண்டும். அடியில் இருக்கும் வடிகுழாயைத் திறந்து, கேஜ் முள் பூஜ்யத்துக்கு வந்து தண்ணீர் முழுதும் வடியும் வரை பொறுக்க வேண்டும். அதன்பின் உச்சி வால்வில் அளந்தால் வருவதுதான் உண்மையான காற்று. குறைந்திருந்தால் சைக்கிள் பம்பே போதும், கை வலிக்கும், அவ்வளவுதான். வருடம் ஒருமுறை, அரை மணி நேர வேலை.

*

பிளாடர் வருவதற்கு முந்தைய தொட்டிகளில் காற்றும் தண்ணீரும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே இருக்கும். பழைய பண்ணை வீடுகளில் இன்னும் இருக்கின்றன, துத்தநாகம் பூசிய பெரிய உருளைகள். சிக்கல் என்னவென்றால் அழுத்தம் கூடக்கூடக் காற்று தண்ணீரில் கரையும். கரைந்த காற்று குழாய் வழியாக வீட்டை விட்டே போய்விடும். டம்ளரில் பிடித்தால் பால் மாதிரி வெளுத்து, அடியிலிருந்து மேலாகத் தெளிந்து வரும். அந்த வெண்மை தொட்டியிலிருந்து தப்பிய காற்று. நாளடைவில் தொட்டி முழுக்கத் தண்ணீராகிவிடும்.

அதற்கு அந்தக் காலத்து ஆட்கள் செய்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. கிணற்றுக்குள் குழாயில் ஒரு சின்ன ஒழுகு துளை. மோட்டார் நின்றதும் அந்தத் துளைக்கு மேலிருக்கும் தண்ணீர் கிணற்றுக்கே ஒழுகிவிடும். காலியான இடத்துக்குத் தொட்டிப் பக்கம் இருக்கும் மூச்சு வால்வு வெளிக்காற்றை இழுத்து வைத்துக்கொள்ளும். அடுத்த தடவை மோட்டார் ஓடும்போது அந்தக் காற்று மொத்தமாகத் தொட்டிக்குள் போய்ச் சேரும். காற்று அளவுக்கு மேல் சேர்ந்தால் வெளியேற்ற ஒரு மிதவை. மின்சுற்று கிடையாது, கணினி கிடையாது. ஒரு துளையும் ஒரு வால்வும் தினமும் இழப்பை ஈடுசெய்தன.

வெப்பக்காற்று பலூனால் பேர்பெற்ற மோன்கோல்ஃபியே சகோதரர்களில் மூத்தவர் ஜோசப், 1796இல், ஓடும் தண்ணீரின் விசையாலேயே தண்ணீரை மேலேற்றும் நீர்த்திமிசு என்னும் ஹைட்ராலிக் ராமை அமைத்தபோதும் அதில் ஒரு காற்றறை இருந்தது. அங்கும் காற்று கரைந்து தீரும், அங்கும் மூச்சு வால்வு வைத்துத்தான் சமாளித்தார்கள்.

*

அந்தச் சாம்பல் நிறப் பெட்டிதான் பிரஷர் சுவிட்ச். மூடியைக் கழற்றினால் பெரிய சுருள்வில் ஒன்று, சின்னது ஒன்று. பெரியதைத் திருகினால் தொடங்கும் அழுத்தமும் நிற்கும் அழுத்தமும் சேர்ந்தே ஏறும் அல்லது இறங்கும். சின்னது இரண்டுக்கும் இடையிலான தூரத்தை மட்டும் மாற்றும். உள்ளே 230 வோல்ட் திறந்தே கிடக்கிறது. பிரேக்கரை அணைக்காமல் கை வைக்கக் கூடாது. தொடுமுனைகள் கறுத்துக் குழிவிழுந்திருந்தால், தொட்டி நெடுநாளாக நோயில் இருக்கிறது என்று பொருள். எறும்புகள் இதற்குள் புகுந்து நசுங்கித் தொடர்பைத் துண்டிப்பதும் உண்டு.

சுவிட்சுக்கு அழுத்தத்தைக் கொண்டுபோவது கால் அங்குலக் குழாய். இரும்புச்சத்து மிகுந்த கிணறுகளில் செந்துரு படிந்து அது அடைத்துக்கொள்ளும். தொட்டியில் அழுத்தம் 60ஐத் தாண்டியிருக்கும், சுவிட்சுக்குச் சேதியே போகாது. சேஃப்டி வால்வு அவசியம் என்பது இதற்குத்தான். அதைக் கழற்றி அடைத்து வைத்திருந்த வீடு ஒன்றைப் பார்த்தேன். சொல்லிப் போட வைத்துவிட்டுத்தான் வந்தேன்.

*

நள்ளிரவில் யாரும் குழாயைத் திறக்காதபோது மோட்டார் ஓடுகிறது என்றால் பேய் அல்ல, கசிவு. தொட்டிக்கு அப்பால் வீட்டுக்குப் போகும் வால்வை மூடிவிட்டுக் கேஜைக் கவனிக்கலாம். முள் அசையாமல் நின்றால் கசிவு வீட்டுக்குள். பெரும்பாலும் கழிப்பறைத் தொட்டியின் ரப்பர் மூடி. மூடிய பிறகும் முள் இறங்கினால் கிணற்றுப் பக்கம் கோளாறு: தண்ணீர் திரும்பிப் போகாமல் தடுக்கும் செக் வால்வோ மண்ணுக்குள் இருக்கும் குழாயோ.

*

2008 டிசம்பர் பனிமழையில் நியூ ஹாம்ப்ஷயரில் மட்டும் 4 லட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகள் இருண்டன. சில ஊர்களில் மின்சாரம் வர இரண்டு வாரம் ஆனது. மேல்நிலைத் தொட்டி வீட்டில் கரண்ட் போனால் மேலே 1,000 லிட்டர் இருக்கிறது என்ற தெம்பு உண்டு. இங்கே அதிகபட்சம் 50 லிட்டருக்குள்தான். மோட்டார் ஓடப்போகிற சமயத்தில் கரண்ட் போயிருந்தால் ஒரு வாளிகூடத் தேறாது. கழிப்பறை ஒருமுறை ஓடினால் 6 லிட்டர். புயல் எச்சரிக்கை வந்ததும் குளியல் தொட்டியை நிரப்பி வைப்பது இங்குள்ள பழையவர்கள் வழக்கம், அது சரியான வழக்கம். 120 வோல்ட் மட்டும் தரும் சின்ன ஜெனரேட்டரை வாங்கி வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: ஃபிரிட்ஜ் ஓடும், விளக்கு எரியும், கிணற்று மோட்டார் கிளம்பாது.

*

1935இல் அமெரிக்கப் பண்ணைகளில் பத்தில் ஒன்றுக்குத்தான் மின்சாரம் இருந்தது. அந்த ஆண்டு அதிபர் ரூஸ்வெல்ட் கிராம மின்மயமாக்கல் நிர்வாகத்தை அமைத்தார். மின்கம்பி வந்த பிறகுதான் பெரும்பாலான பண்ணை வீடுகளில் அழுத்தக் குழாய் வந்தது. அதுவரை பெண்கள் வாளியில் சுமந்தார்கள்.

*

இப்போது மோட்டாரின் வேகத்தையே கூட்டிக் குறைக்கும் மின்னணுக் கட்டுப்பாடு வந்திருக்கிறது. திறந்த குழாய்க்கு ஏற்ப மோட்டார் மெதுவாகவோ வேகமாகவோ ஓடும். அழுத்தம் ஏறி இறங்காது. அதற்கு 2 கேலன் தொட்டியே போதும் என்று விற்கிறார்கள். அதற்கும் ஒரு தொட்டி வேண்டியிருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு டம்ளர் தண்ணீருக்கு அந்த மோட்டாரையும் எழுப்ப முடியாது. இடி மின்னல் மிகுந்த ஊரில் ஆயிரம் டாலர் மின்னணுப் பலகையைவிட, சாதாரண சுவிட்சும் தாராளமான தொட்டியும் என் தேர்வு. பேஸ்மென்டுப் படிக்கட்டு குறுகலாக இருந்து பெரிய தொட்டி இறங்காவிட்டால், இரண்டு சின்னத் தொட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் ஒரே குழாயில் இணைக்கலாம். இரண்டிலும் காற்று ஒரே அளவில் இருக்க வேண்டும், இரண்டையும் தனித்தனியே அளக்க வேண்டும்.